ஆய்வகத்தில் முதல் ஆண்டு: வேதியியல், உயிரியல், உயிரித் தொழில்நுட்ப ஆய்வுக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

வகுப்பு ஆய்வகத்தில் நாம் செய்யும் சோதனைகளுக்கு விடை முன்பே தெரியும். கரைசல்களை வேறொருவர் தயாரித்து வைத்திருப்பார். விடை பொருந்தவில்லை என்றால் பிழை மாணவருடையது என்பதில் யாருக்கும் ஐயம் இருக்காது. பட்டப்படிப்பை முடித்துப் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் சேர்ந்த அன்றே இந்த மூன்று வசதிகளும் இல்லாமல் போய்விடுகின்றன. எதிர்பார்த்த விளைவு வராதபோது, குறை கையிலா, வேதிப்பொருளிலா, கருவியிலா, அல்லது நாம் கொண்ட கருதுகோளிலேயேவா என்று பிரித்தறிய வேண்டிய பொறுப்பு முழுவதும் நம்முடையதாகிறது. அந்தப் பிரித்தறியும் திறனை வளர்த்துக்கொள்வதே முதல் ஆண்டின் உண்மையான வேலை என்பது என் கருத்து. புதிய கண்டுபிடிப்பு அந்த ஆண்டில் கிடைத்தால் மகிழ்ச்சிதான். ஆனால் அதை நம்பலாமா என்று சொல்லத் தெரியாதவரிடம் கிடைத்த கண்டுபிடிப்பால் பயன் குறைவு.

கீழே வருவன ஏறக்குறைய ஒரு புதியவர் எதிர்கொள்ளும் வரிசையிலேயே அமைந்துள்ளன.

நெறியாளரையும் ஆய்வகத்தையும் தேர்ந்தெடுத்தல்

பலர் ஆய்வுத் தலைப்பை மட்டும் பார்த்து ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைப்பு மாறக்கூடியது, பெரும்பாலும் மாறவும் செய்யும். நெறியாளரின் பழக்கங்களும் ஆய்வகத்தின் நடைமுறையும் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. ஆகவே அந்தக் குழு கடந்த 5 ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளை எடுத்து, முதல் ஆசிரியர்களாக இருப்பவர்கள் மாணவர்களா, ஒருவருடைய பணியை அடுத்தவர் தொடர்ந்திருக்கிறாரா, முன்னர் வெளியான முடிவின்மீது பின்னர் வந்த கட்டுரைகள் உண்மையிலேயே கட்டப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். தன் பழைய முடிவைத் தானே மறுபடி பயன்படுத்தாத குழுவைப் பற்றிச் சற்று யோசிக்க வேண்டும்.

பிறகு, அங்கே இப்போது பணியாற்றும் மாணவர்களோடு நெறியாளர் இல்லாத இடத்தில் பேசுங்கள். நெறியாளரை எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திக்க முடிகிறது, புதியவருக்கு அருகில் நின்று கற்றுக்கொடுப்பவர் யார், வேதிப்பொருள் தீர்ந்தால் அடுத்தது வருவதற்கு எவ்வளவு காலம் ஆகிறது, முன்னர் சேர்ந்தவர்கள் பட்டம் பெற எத்தனை ஆண்டு ஆயிற்று என்பன போன்ற எளிய கேள்விகளே அதிகம் சொல்லும். நெறியாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தத் திட்டம் 6 மாதம் முயன்றும் நகரவில்லை என்றால் அடுத்து என்ன செய்வோம்? இதற்குத் தெளிவான பதில் வைத்திருப்பவர், தோல்வியை முன்பே கணக்கில் எடுத்துத் திட்டமிட்டிருக்கிறார் என்று பொருள். துணிச்சலான திட்டம் ஒன்றும், உறுதியாக ஏதோ ஒரு முடிவைத் தரக்கூடிய சிறிய திட்டம் ஒன்றும் இணையாகக் கிடைத்தால் அதுவே தொடக்கநிலை ஆய்வாளருக்கு நல்ல ஏற்பாடு.

எதையும் தொடுவதற்கு முன்

முதல் நாளன்றே கண் கழுவும் குழாய், அவசரக் குளியல் குழாய், தீயணைப்புக் கருவி, வெளியேறும் வழி ஆகியவை எங்கே இருக்கின்றன என்று நேரில் சென்று பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணில் அமிலம் பட்டபின் தேடிக்கொண்டிருக்க முடியாது. நீங்கள் கையாளப்போகும் ஒவ்வொரு பொருளுக்கும் உற்பத்தியாளர் தரும் பாதுகாப்புத் தரவுத் தாளைப் படியுங்கள். குறிப்பாக, எந்தக் கையுறை பொருந்தும், எதனோடு சேரக்கூடாது, சிந்தினால் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்று பகுதிகளையும் மறக்காமல் படியுங்கள்.

கையுறையைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த கேரன் வெட்டர்ஹான் நச்சு உலோகங்களை ஆராய்ந்த வல்லுநர். 1996 ஆகஸ்டில் அவர் நச்சு ஆவியை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூட் என்னும் அடைப்புக்குள், லேடெக்ஸ் கையுறை அணிந்து, டைமெத்தில்மெர்குரி என்னும் பாதரசச் சேர்மத்தைக் கையாண்டபோது சில துளிகள் கையுறைமீது விழுந்தன. அந்தச் சேர்மம் அவ்வகைக் கையுறையைச் சில நொடிகளிலேயே கடந்துவிடும் என்பது பின்னர் செய்த சோதனைகளில்தான் தெரியவந்தது. பல மாதங்கள் கழித்தே நச்சின் அறிகுறிகள் வெளிப்பட்டன. 1997 ஜூனில் அவர் இறந்தார். அவர் கவனக்குறைவாக நடக்கவில்லை. அன்றைக்கு வழக்கத்திலிருந்த எச்சரிக்கைகளைக் கடைப்பிடித்தார். கையுறை என்பது பொதுவான ஒரு பாதுகாப்பு அன்று, குறிப்பிட்ட ஒரு பொருளுக்கு எதிராகக் குறிப்பிட்ட நேரம் மட்டும் தாங்கும் தடுப்பு என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடர் அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றினால் வெளிப்படும் வெப்பத்தில் நீர் கொதித்துத் தெறிக்கும். டைஎத்தில் ஈதர், டெட்ராஹைட்ரோஃபியூரான் ஆகிய கரைப்பான்கள் காற்றுப்பட்டு நாள்படும்போது வெடிக்கக்கூடிய பெராக்சைடுகளை உண்டாக்கும். எனவே புட்டியைத் திறந்த தேதியை அதன்மேல் எழுதுவது சடங்கு அன்று. நைட்ரிக் அமிலக் கழிவும் கரிமக் கரைப்பான் கழிவும் ஒரே கலனில் சேரக்கூடாது. வெளுப்புக் கரைசலோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் கொதிப்பது. 1 லிட்டர் ஆவியானால் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாகும். அது காற்றோட்டமில்லாத அறையில் ஆக்சிஜனை வெளியேற்றிவிடும். சோடியம் அசைடு கலந்த கரைசலை உலோகக் குழாய் வழியாக ஊற்றிவிட்டால், நாளடைவில் குழாயினுள் வெடிக்கும் தன்மையுள்ள உலோக அசைடுகள் உருவாகலாம்.

உயிரியல் பக்கத்தில் அடிக்கடி நேரும் குழப்பம் ஒன்று. லேமினார் ஃப்ளோ மேடையும் உயிரிப் பாதுகாப்புப் பெட்டியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். முன்னது வடிகட்டிய காற்றை மாதிரியின்மீது செலுத்தி மாதிரியை மட்டுமே காக்கும். அந்தக் காற்று உங்கள் முகத்தை நோக்கித்தான் வரும். நோய்க்கிருமியையோ மனித செல்களையோ அதில் கையாளக்கூடாது. இரண்டாவதுதான் உங்களையும் காப்பது. புதிதாகச் சேர்ந்தவர் இரவில் தனியாக இருந்து அபாயமான வினைகளைச் செய்யக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆர்வத்தைக் காட்ட வேறு வழிகள் நிறைய உண்டு.

குறிப்பேடு

ஆய்வகக் குறிப்பேடு என்பது சோதனை முடிந்தபின் எழுதும் அறிக்கை அன்று, சோதனை நடக்கும்போதே எழுதப்படும் பதிவு. பக்க எண், தேதி, இந்தச் சோதனையால் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்ற ஒரு வரி, செய்யத் திட்டமிட்டது, உண்மையில் செய்தது, கண்டது, அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவு ஆகியவை ஒவ்வொரு பதிவிலும் இருக்க வேண்டும். திட்டமிட்டதையும் செய்ததையும் தனித்தனியே எழுதச் சொல்வதற்குக் காரணம், 30 நிமிடம் என்று திட்டமிட்டு 50 நிமிடம் வைத்துவிட்ட வினைதான் பல வேளைகளில் மூன்று மாதம் கழித்து நம் புதிருக்கு விடையாக வந்து நிற்கும். பயன்படுத்திய வேதிப்பொருளின் நிறுவனம், தொகுதி எண், நொதியின் காலாவதித் தேதி, கருவியின் பெயர் ஆகியவற்றையும் எழுதுங்கள். தவறாக எழுதியதை அழிக்காமல் ஒற்றைக் கோட்டால் அடித்துவிட்டுப் பக்கத்தில் திருத்துங்கள். மின்னணுக் குறிப்பேடு பயன்படுத்தினாலும் இவை அனைத்தும் பொருந்தும்.

குழாய்களுக்குப் பெயரிடுவதும் குறிப்பேட்டின் ஒரு பகுதியே. "புதியது", "மாதிரி 2", "இறுதி" என்று எழுதப்பட்ட குழாய்கள் எல்லா ஆய்வகத்தின் உறைபெட்டியிலும் உண்டு. அவற்றுள் என்ன இருக்கிறது என்று எழுதியவருக்கும் தெரியாது. உங்கள் பெயரின் முதலெழுத்துகள், தேதி, பொருள், செறிவு, குறிப்பேட்டின் பக்க எண் ஆகிய ஐந்தும் இருந்தால் போதும். சாதாரண மார்க்கர் மை எத்தனால் பட்டால் அழிந்துவிடும் என்பதால், 70 விழுக்காடு எத்தனாலால் துடைக்கும் இடத்தில் கரைப்பானுக்கு அசையாத மையையே பயன்படுத்துங்கள்.

விடை தெரிந்த சோதனையிலிருந்து தொடங்குங்கள்

முதல் மாதத்தில் உங்கள் சொந்தக் கேள்வியைத் தொடாதீர்கள். அந்த ஆய்வகத்தில் ஏற்கெனவே பலமுறை வெற்றிகரமாகச் செய்யப்பட்ட ஒரு சோதனையைக் கேட்டு வாங்கி, அதே முடிவை உங்கள் கையால் எடுங்கள். அது வரும்வரை வேறெதற்கும் போகக்கூடாது. இதை நேர விரயமாகக் கருதும் நெறியாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் பழகிய சோதனையே கையில் ஒழுங்காக வராதபோது புதிய சோதனையில் வந்த வினோதமான முடிவுக்கு எந்தப் பொருளும் சொல்ல முடியாது.

இந்தக் காலத்தில் கவனிக்க வேண்டியது கையின் துல்லியம். 1957இல் ஜெர்மனியின் மார்பர்க்கில் ஹைன்ரிஷ் ஷ்னிட்கர் உருவாக்கிய மைக்ரோபிப்பெட்தான் இன்றும் உயிரியல் ஆய்வகத்தின் அடிப்படைக் கருவி. அதன் பொத்தானில் இரண்டு நிறுத்தங்கள் உண்டு: முதல் நிறுத்தம்வரை அழுத்தித் திரவத்தை எடுக்க வேண்டும், இரண்டாம் நிறுத்தம்வரை அழுத்தி முழுவதும் வெளியேற்ற வேண்டும். எடுக்கும்போதே இரண்டாம் நிறுத்தம்வரை அழுத்துவது புதியவர்களின் வழக்கமான பிழை. உங்களையும் கருவியையும் ஒருசேரச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. 1000 மைக்ரோலிட்டர் தூய நீரைத் துல்லியத் தராசில் பத்து முறை எடுத்து வையுங்கள். அறை வெப்பநிலையில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 கிராம் இருக்க வேண்டும். சராசரி விலகியிருந்தால் கருவிக்கு அளவுத்திருத்தம் தேவைப்படலாம். சராசரி சரியாக இருந்து எண்கள் சிதறியிருந்தால் கை இன்னும் பழகவில்லை.

அடுத்தது கரைசல் தயாரித்தல். சோதனை தோற்பதற்கு ஆழமான காரணங்களைத் தேடிக்கொண்டிருக்கும்போது, உண்மையான காரணம் பலமுறை இங்கேதான் ஒளிந்திருக்கும். 1 மோலார் செறிவில் 500 மில்லிலிட்டர் சோடியம் குளோரைடு கரைசல் வேண்டுமானால் 29.22 கிராம் உப்பை எடுக்க வேண்டும். ஆனால் அதை 500 மில்லிலிட்டர் நீரில் போடக்கூடாது. குறைந்த நீரில் கரைத்து, பிறகு மொத்தக் கன அளவை 500 மில்லிலிட்டருக்குக் கொண்டுவர வேண்டும். புட்டியின் பெயரை மட்டும் படித்து மூலக்கூறு எடையைப் பாடநூலிலிருந்து எடுப்பதும் ஆபத்தானது. நீரற்ற மக்னீசியம் குளோரைடின் மூலக்கூறு எடை 95.21, ஆறு நீர் மூலக்கூறுகளோடு விற்கப்படும் வடிவத்தின் எடை 203.30. இரண்டாவதை முதலாவதின் எடையைக் கொண்டு கணக்கிட்டால் வேண்டிய செறிவில் பாதிக்கும் குறைவே கிடைக்கும். டி.என்.ஏ.வைப் பல மடங்காகப் படியெடுக்கும் பி.சி.ஆர். வினையில் டி.என்.ஏ. பாலிமரேஸ் நொதிக்கு மக்னீசியம் அயனி இன்றியமையாதது என்பதால், அந்தக் கரைசலைப் பயன்படுத்தியவர் படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் குறுகிய டி.என்.ஏ. துண்டுகளான தன் ப்ரைமர்களைச் சந்தேகித்துக்கொண்டே பல வாரங்களைக் கழிக்கக்கூடும்.

அமில-கார நிலையை மாறாமல் வைக்கப் பயன்படும் டிரிஸ் பஃபர் கரைசலின் பி.எச். வெப்பநிலையைப் பொறுத்து மாறும். ஒவ்வொரு டிகிரி குறைவுக்கும் ஏறத்தாழ 0.03 உயரும். 25 டிகிரியில் 8.0 என்று சரிசெய்து 4 டிகிரிக் குளிர் அறைக்குக் கொண்டுபோனால் அது 8.6ஐ நெருங்கிவிடும். ஒரு புரதம் குளிர் அறையில் மட்டும் விளங்காத முறையில் நடந்துகொண்டால் முதலில் இதைப் பாருங்கள்.

கட்டுப்பாட்டுச் சோதனைகள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைப் படிக்க நேரம் இருப்பவர் இதைப் படித்தால் போதும். கட்டுப்பாட்டுச் சோதனை என்பது முடிவுக்கு அழகு சேர்க்கும் கூடுதல் வேலை அன்று. விளைவுக்கு வேறு எந்தக் காரணம் இருக்கக்கூடும் என்று பட்டியலிட்டு, ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியே நீக்கும் வழி அது. எனவே சோதனையைத் தொடங்குவதற்கு முன் ஒரு தாளில் இப்படி எழுதிப் பாருங்கள்: நான் எதிர்பார்க்கும் விளைவே வந்தாலும், என் கருதுகோள் தவறாக இருந்து, வேறு என்ன காரணத்தால் அது வந்திருக்கலாம்? எதிர்பார்த்தது வராவிட்டால், கருதுகோள் சரியாக இருந்தும் என்ன காரணத்தால் வராமல் போயிருக்கலாம்? இந்த இரண்டு பட்டியல்களிலும் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஒரு கட்டுப்பாடு தேவை.

பாக்டீரியாவுக்குள், ஆம்பிசிலினைத் தாங்கும் மரபணு கொண்ட புதிய பிளாஸ்மிட் (வளைய வடிவ டி.என்.ஏ.) ஒன்றைச் செலுத்தி, ஆம்பிசிலின் என்னும் ஆன்டிபயாட்டிக் கலந்த தட்டில் வளர்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் தட்டு வெறுமையாக இருக்கிறது. இந்த ஒரு தட்டை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. ஆனால் அதே நாளில், நன்கறிந்த முழு பிளாஸ்மிட் ஒன்றைச் செலுத்திய தட்டும் வைத்திருந்து, அதில் நூற்றுக்கணக்கான காலனிகள் வந்திருந்தால், செல்களும் தட்டும் சரி, குறை, பிளாஸ்மிட்டில் டி.என்.ஏ. துண்டைச் செருகிய உங்கள் இணைப்பு வினையில்தான் என்று தெரியும். அதிலும் ஒன்றும் வரவில்லை என்றால் செல்கள் இறந்திருக்க வேண்டும், அல்லது ஆன்டிபயாட்டிக்கின் செறிவு மிகுந்திருக்க வேண்டும். மாறாக, தட்டு முழுவதும் காலனிகள் நிறைந்திருக்கின்றன, கொண்டாடலாமா? டி.என்.ஏ. எதுவும் சேர்க்காத செல்களைப் பரப்பிய தட்டிலும் அதே அளவு வந்திருந்தால் ஆன்டிபயாட்டிக் செயலிழந்துவிட்டது. அந்தத் தட்டு வெறுமையாக இருந்து, செருக வேண்டிய துண்டு இல்லாமல் வெட்டிய பிளாஸ்மிட்டை மட்டும் இணைத்த தட்டில் காலனிகள் வந்திருந்தால், பிளாஸ்மிட் தன்னைத்தானே மூடிக்கொண்டிருக்கிறது, அல்லது வெட்டுப்படாமலேயே இருந்திருக்கிறது. மூன்று கூடுதல் தட்டுகள்; அவை இல்லையென்றால் இதே விடைக்கு மூன்று வாரமும் போதாமல் போகலாம். பி.சி.ஆர். செய்வோர் படியெடுக்க வேண்டிய வார்ப்புரு டி.என்.ஏ. இல்லாத குழாயையும், முன்பு வேலைசெய்த மாதிரியை இட்ட குழாயையும் ஒருபோதும் விட்டுவிடக்கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

வேதியியலில் கட்டுப்பாடு எவ்வளவு நுண்ணியதாக வேண்டியிருக்கும் என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. கரிம வேதியியலில் பரவலாகப் பயன்படும் சுசுகி இணைப்பு வினைக்குப் பலேடியம் வினையூக்கி தேவை. 2003இல் ஒரு குழு, நுண்ணலை வெப்பத்தில் பலேடியம் சேர்க்காமலேயே இந்த வினை நடப்பதாக வெளியிட்டது. அதே குழு மறுபடி ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட கட்டுரையில், வினைக்குக் காரமாகச் சேர்த்த, கடையில் வாங்கிய சோடியம் கார்பனேட்டில் நூறு கோடியில் 50 பங்கு என்ற அளவில் பலேடியம் மாசாக இருந்ததென்றும், வினையைத் தூண்டியது அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்றும் தெரிவித்தது. தன் முடிவைத் தானே திரும்பச் சோதித்து வெளியிட்ட அந்த நேர்மையைப் புதியவர்கள் முன்மாதிரியாகக் கொள்ளலாம். செயல்முறை அளவில் எடுத்துக்கொள்ள வேண்டியதும் உண்டு. வினையூக்கி இல்லாத வெற்று வினையைச் செய்யுங்கள். வேறு நிறுவனத்தின் மூலப்பொருளைக் கொண்டு ஒருமுறை செய்யுங்கள். புதிய கண்ணாடிக் கலனிலும் புதிய காந்தக் கலக்கியிலும் ஒருமுறை செய்யுங்கள். காந்தக் கலக்கியின் மேற்பூச்சில் முந்தைய வினைகளின் உலோகத் தடயங்கள் தங்கியிருப்பது உண்டு.

ஒரே வேளையில் ஒரு காரணியை மட்டும் மாற்ற வேண்டும் என்பது பிழை தேடும்போது சரியான விதி. ஆனால் வெப்பநிலை, செறிவு, நேரம், கரைப்பான் என்று பலவற்றையும் சேர்த்து மேம்படுத்த வேண்டிய கட்டத்தில் அந்த விதி போதாது. காரணிகள் ஒன்றையொன்று பாதிக்கும்போது, அவற்றைத் திட்டமிட்ட கூட்டுகளாக மாற்றிப் பார்க்கும் சோதனை வடிவமைப்பைக் கற்றுக்கொள்ளுங்கள்.

கையில் இருப்பது அதுதானா?

குழாயின்மேல் எழுதியிருப்பதை நம்பித் தொடங்கிய ஆய்வுகள் பல வீணாகியிருக்கின்றன. 1951இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்னும் பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து எடுக்கப்பட்ட ஹீலா செல்கள் மிக விரைவாக வளர்பவை. ஒரு துளி தவறிப்போய் வேறொரு வளர்ப்பில் விழுந்தாலும் சில தலைமுறைகளில் அதை மூடிவிடும். 1966இல் ஸ்டான்லி கார்ட்லர், வெவ்வேறு மனிதர்களிடமிருந்து வந்தவையாகக் கருதப்பட்ட 18 செல் வரிசைகளை (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல் வகைகளை) ஒரு நொதியின் வகையைக் கொண்டு ஆராய்ந்து, அவை ஹீலாவால் மாசுபட்டவை என்று தெரிவித்தபோது, பல ஆய்வகங்கள் அதை ஏற்க விரும்பவில்லை. இன்று, மீண்டும் மீண்டும் வரும் குறுகிய டி.என்.ஏ. தொடர்களை ஒப்பிடும் சோதனையால் செல் வரிசையின் அடையாளத்தை எளிதில் உறுதிசெய்யலாம்; புதிய செல்கள் கைக்கு வந்தவுடன் ஒருமுறையும், முக்கியமான சோதனைகளுக்கு முன் ஒருமுறையும் செய்யுங்கள். மைக்கோபிளாஸ்மா என்னும் பாக்டீரியா இன்னும் தந்திரமானது. அதற்குச் செல்சுவர் இல்லாததால் பெனிசிலின் அதைக் கொல்லாது, வழக்கமான 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியையும் அது கடந்துவிடக்கூடும். வளர்ப்பு ஊடகமும் கலங்காது. செல்கள் நலமாகத் தோன்றும்போதே அவற்றின் மரபணு வெளிப்பாடு மாறியிருக்கும். குறித்த இடைவெளியில் பி.சி.ஆர். போன்ற முறையால் சோதிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வேறொருவர் தந்த பிளாஸ்மிட்டை வரிசைப்படுத்திப் பார்க்காமல் பயன்படுத்தாதீர்கள். ஆன்டிபாடி ஒன்று நாம் தேடும் புரதத்தைத்தான் காட்டுகிறதா என்பதை, அந்தப் புரதத்தின் மரபணு நீக்கப்பட்ட செல்லில் ஆன்டிபாடி காட்டும் பட்டை மறைகிறதா என்று பார்த்து உறுதிசெய்யுங்கள்.

வேதியியலாளர் விளைபொருளை எடைபோட்டு விளைச்சல் 96 விழுக்காடு என்று எழுதுவதற்கு முன், அந்த எடையில் கரைப்பான் எவ்வளவு என்று கேட்க வேண்டும். டியூட்டெரியமிட்ட குளோரோஃபார்மில் எடுத்த, சேர்மங்களின் ஹைட்ரஜன்களைக் காட்டும் புரோட்டான் என்.எம்.ஆர். நிறமாலையில் 7.26 பி.பி.எம். இடத்தில் தெரிவது எஞ்சிய குளோரோஃபார்ம், 4.12, 2.05, 1.26 ஆகிய இடங்களில் உச்சங்கள் தென்பட்டால் சேர்மங்களைப் பிரிக்கும் பத்தியைக் கழுவிய எத்தில் அசிட்டேட் இன்னும் முழுவதும் வெளியேறவில்லை என்று பொருள். இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கருவிக்குப் பக்கத்துச் சுவரில் அட்டவணையாக ஒட்டிவைத்தால் ஆய்வகம் முழுவதற்கும் பயன்படும்.

எண்களும் கோப்புகளும்

ஒரே செல் வளர்ப்பிலிருந்து எடுத்த மூன்று குழாய்கள் மூன்று சோதனைகள் ஆகா. அவை ஒரே சோதனையின் மூன்று அளவீடுகள். உங்கள் பிப்பெட்டின் சிதறலை மட்டுமே அவை காட்டும். வெவ்வேறு நாளில், தனித்தனியே வளர்த்த செல்களில், அல்லது வெவ்வேறு உயிரிகளில் செய்தவையே உயிரியல் மீள்சோதனைகள். கட்டுரையில் எண்ணிக்கையாகக் குறிக்க வேண்டியதும் இவற்றைத்தான். வரைபடத்தில் பிழைக்கோடு போட்டால் அது திட்ட விலக்கமா (அளவீடுகளின் சிதறல்), திட்டப் பிழையா (சராசரியின் நிச்சயமின்மை) என்று அடியில் எழுதுங்கள். திட்டப் பிழை எப்போதும் சிறியதாகத் தெரியும் என்பதற்காக அதைத் தேர்ந்தெடுப்பது சரியன்று.

புள்ளியியலாளரைச் சோதனை முடிந்தபின் சந்திப்பது பெரும்பாலோர் வழக்கம். தொடங்குவதற்கு முன்பே சந்தியுங்கள். எத்தனை மாதிரிகள் தேவை, எந்த அளவீட்டை ஒதுக்கலாம் என்ற விதிகளை முன்கூட்டியே எழுதிவைத்தால், முடிவைப் பார்த்தபின் வசதிக்கேற்ப எண்களை நீக்கும் ஆசை எழாது. உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாத இடத்தில், ஒன்றையொன்று சாராத 20 ஒப்பீடுகளை 0.05 என்ற வரம்பில் (ஒவ்வொன்றிலும் தற்செயலாக ஏமாறும் வாய்ப்பு 5 விழுக்காடு) செய்தால், அவற்றுள் ஒன்றாவது தற்செயலாகப் பொருட்படுத்தத்தக்கதாகத் தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ 64 விழுக்காடு. அந்த ஒன்றை மட்டும் எடுத்து வரைபடமாக்கினால் கட்டுரை அழகாக இருக்கும், உண்மையாக இராது.

கருவி தந்த மூலக் கோப்பை ஒருபோதும் திருத்தாதீர்கள். நகல் எடுத்து அதில் வேலை செய்யுங்கள். கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கினால் அவை தாமாகவே கால வரிசையில் அமையும். குறைந்தது இரண்டு வெவ்வேறு இடங்களில் நகல் வேண்டும். விரிதாள் மென்பொருள் தரும் தொல்லையையும் அறிந்துவைத்துக்கொள்ளுங்கள்: எக்செல் மென்பொருள் செப்ட்2, மார்ச்1 போன்ற மரபணுக் குறியீடுகளை நாட்காட்டித் தேதிகளாக மாற்றிவிடும். வெளியான கட்டுரைகளின் துணைக்கோப்புகளில்கூட இந்தப் பிழை பரவியிருந்ததால், மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு 2020இல் அறிவித்த நெறிமுறைகளோடு இவற்றைச் செப்டின்2, மார்ச்எஃப்1 என்று மாற்றியது. டி.என்.ஏ.வையோ புரதங்களையோ பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் படம் முழுவதற்கும் ஒரே அளவில் கூட்டுங்கள். இடையிலுள்ள பட்டைகளை நீக்கி இணைத்தால் இணைத்த இடத்தில் கோடு தெரிய வேண்டும்.

வாசிப்பு

துறைக்குள் நுழையும்போது ஒரு நல்ல மீளாய்வுக் கட்டுரையை முதலில் படியுங்கள். அதன்பின் மூலக் கட்டுரைகளுக்குப் போகும்போது, சுருக்கத்தையும் முடிவுரையையும் நம்பாமல் படங்களையும் செய்முறைப் பகுதியையும் பாருங்கள். படத்தை மட்டும் பார்த்து நீங்கள் என்ன முடிவுக்கு வருவீர்கள் என்று எழுதிவிட்டு, ஆசிரியர்கள் சொல்வதோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறுபடும் இடம் எப்போதும் கவனிக்கத் தகுந்தது. உயிரியலுக்குப் பயோஆர்க்கைவ் 2013இலும் வேதியியலுக்குக் கெம்ஆர்க்கைவ் 2017இலும் தொடங்கப்பட்டபின், இதழில் வெளியாகும் முன் இணையத்தில் இடப்படும் முன்பதிப்புகளைப் பல மாதங்கள் முன்னதாகவே படிக்க முடிகிறது. ஆனால் அவை சக வல்லுநர் மதிப்பீட்டுக்கு உட்படாதவை. எந்த முறையையும் பின்பற்றுவதற்கு முன், அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா, திருத்தம் வெளியானதா என்று பார்த்துவிடுங்கள்.

நெறியாளரோடும் மற்றவர்களோடும்

வாரம் ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோவது நல்ல பழக்கம்: என்ன கேட்டேன், என்ன செய்தேன், என்ன கண்டேன், அடுத்து என்ன. தோற்றுப்போன ஜெல்லையும் கருகிப்போன வினையையும் மறைக்காமல் காட்டுங்கள். நெறியாளர் வெற்றிகளை மட்டும் பார்க்கப் பழகிவிட்டால், நீங்கள் சிக்கியிருக்கும் இடம் அவருக்குத் தெரியவே தெரியாது. கடுமையாகப் பேசுவாரோ என்ற அச்சத்தால் பலர் இரண்டு மாதம் தள்ளிப்போடுகிறார்கள். அந்த இரண்டு மாதம்தான் கடுமைக்கு உண்மையான காரணமாகிவிடுகிறது. ஒரே சோதனை மூன்று முறை அதே வழியில் தோற்றால் நான்காவது முறை செய்யாமல், கட்டுப்பாடுகளோடு அமர்ந்து பேசுங்கள். ஆய்வகத்துக் கருவி நுட்பருக்கு எந்த இயந்திரம் எந்த வெயில் காலத்தில் தடுமாறும் என்பதுவரை தெரியும். அவரிடம் கேட்கத் தயங்குவதில் பயனில்லை.

கட்டுரையில் யார் பெயர், எந்த வரிசையில் என்ற பேச்சை எழுதி முடித்தபின் தொடங்கினால் மனக்கசப்புத்தான் மிஞ்சும். சோதனைகளைப் பங்கிடும்போதே பேசி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பல இதழ்கள் இப்போது கருத்தாக்கம், ஆய்வு, தரவுப் பகுப்பாய்வு, எழுத்து என 14 பங்களிப்பு வகைகளைக் கொண்ட கிரெடிட் முறையில் ஒவ்வோர் ஆசிரியரும் செய்ததைக் கேட்கின்றன. அந்தப் பட்டியலைத் தொடக்கத்திலேயே நிரப்பிப் பார்ப்பது எளிய வழி. ஒரே பெயரில் பல ஆய்வாளர்கள் இருப்பதால், 2012இல் தொடங்கிய ஆர்கிட் அடையாள எண்ணை இப்போதே இலவசமாகப் பெற்றுக்கொள்ளுங்கள்.

முதல் ஆண்டு முடியும் வேளையில், நீங்கள் மிகுந்த நம்பிக்கையோடு வைத்திருக்கும் ஒரு முடிவை எடுத்து, அதன் செய்முறையை இரண்டு பக்கத்துக்கு எழுதி, ஆய்வகத்துக்கு அடுத்து வந்திருக்கும் புதியவரிடம் கொடுங்கள். அவர் அருகில் நில்லாதீர்கள். இடையில் அவர் வந்து கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் உங்கள் செய்முறையில் விட்டுப்போன ஒரு வரி. விடை சொல்லிவிட்டு அதை உடனே தாளில் சேருங்கள். அவருக்கும் அதே முடிவு வந்தால் அதை நெறியாளரிடம் கொண்டுபோய்க் கட்டுரையாக எழுதும் பேச்சைத் தொடங்கலாம். வராவிட்டால் இருவருடைய குறிப்பேடுகளையும் பக்கத்தில் பக்கம் வைத்து, தொகுதி எண்களிலிருந்து ஒப்பிடத் தொடங்குங்கள்.